ஏழாம் நாற்காலி

என் பெயருக்கு முதல் சொந்தக்காரி
விதவைகளுக்கு உடுப்புத் தைத்துத் தைத்தே
ஒருநாள் நோயில் விழுந்து செத்துப்போனாள்.
ஜெபித்து எழுப்பினார்கள்.
எழுந்தவள் கையில் கஞ்சி கொடுத்தார்களா
மறுபடி ஊசி கொடுத்தார்களா
யாரும் குறித்து வைக்கவில்லை.

எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது,
போன அக்டோபரில்,
நைட் டூட்டி முடித்து ஏறிய பஸ்ஸில்
வேலப்பாடியைத் தூங்கியே தாண்டி
பாகாயத்தில் விழித்த காலையில்.

போனில் பதினேழு அழைப்புகள்.
அறுப்பின் பண்டிகை அசனத்துக்கு அரிசிக் கணக்கு என்னிடம்.
பெண்கள் ஐக்கியத்தின் சந்தா நோட்டு என்னிடம்.
ஆற்காட்டிலிருந்து வரும் நாத்தனாரின் ஓரகத்திக்கு
டோக்கன் போட்டு, லாட்ஜ் பிடித்து,
ஸ்கேன் அறை வரை கூடப் போவதும் நான்.
தம்பி ஜெயசிங் ஓட்டும் வண்டிக்கு
மாசம் ஐந்தாம் தேதியும் நான்.

"நீ இல்லாட்டி யாரு தொற்கா?" என்பார் ஆயரம்மா.
ஸ்தோத்திரம் போலவே கேட்கும்.
பலநாள் அதைத் தின்றே பசியாறியிருக்கிறேன்.

டீக்கடையில் நிற்கையில் மறுபடி கூப்பிட்டார்.
"முடியாதும்மா."
காரணம் சொல்லத் திறந்த வாய்க்குள்
சூட்டோடு டீயை ஊற்றிக்கொண்டேன்.
அந்தப் பக்கம் சத்தமில்லை.
பிறகு, "ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"
"நல்லாத்தான் இருக்கேன்."
பொய் சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் சுலபம்.

அன்றிரவு தூக்கமில்லை.
சிலுவையை இறக்கி வைத்தவளா நான்?
இரண்டு மணிக்குக் கொஞ்சம் பதில் வந்தது:
சிலுவை ஒன்றுதான்.
மற்றதெல்லாம் யார் யாரோ தூக்கி வந்த மூட்டை,
அதிலும் பாதி
நானே கை நீட்டி வாங்கியது.

அசனம் நடந்தது.
பருப்பு லேசாய் அடிப்பிடித்ததாம்.
அரிசிக் கணக்கு பியூலாவிடம் போயிற்று,
என்னைவிடத் துல்லியம்.
யாரும் என்னைத் தேடவில்லை.
அதுதான் வலித்தது.
கர்த்தாவே, அது ஏன் அத்தனை வலித்தது?

உம்மையும் ஓர் ஊரே தேடியது.
வாசல் நிறைய நோயாளிகள்.
நீரோ இருட்டோடு எழுந்து தனியே போய்,
தேடி வந்தவர்களிடம்
வேறு ஊருக்குப் போகலாம் என்றீர்.
அந்த வாசலில் மிச்சம் நின்றவர்களை நினைத்து
இருபது வருஷமாய் உம்மேல் எனக்கு மனத்தாங்கல்.
இன்னும் முழுசாய்த் தீரவில்லை.

ரத்தம் எடுக்கும் இடத்தில் எனக்கு ஏழாம் நாற்காலி.
மால்டாவிலிருந்து வந்த ஒரு தகப்பன்,
மடியில் நான்கு வயசு,
கையெல்லாம் ஊசித் தழும்பு.
மூன்று பேர் குத்திப் பார்த்துவிட்டு
என்னிடம் அனுப்பினார்கள்.
பையில் போன் நடுங்கியது. நடுங்கட்டும்.
முழங்கை மடிப்பில் விரலை வைத்துக்
கண்ணை மூடினேன்.
பாலாற்றில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது,
மணலைத் தோண்டினால் ஈரம் ஏறிவரும்.
அப்படித்தான், தோலுக்கு அடியில்,
மெதுவாய் ஒரு துள்ளல்.
ஒரே குத்து.
பிள்ளை அழ மறந்து
குழாயில் ஏறும் சிவப்பைப் பார்த்தது.

இதற்காகத்தானா நான்?
தெரியாது. இதற்கும்.
ஆனால் தூங்கி எழுந்த விரலுக்கு மட்டுமே
அது கேட்கிறது.

ஜெயசிங் மூன்று மாசமாய்ப் பேசுவதில்லை.
வண்டியை விற்றுவிட்டதாகக் கேள்வி.
ஓரகத்தி தானே வரிசையில் நின்று
தானே டோக்கன் வாங்கி,
போகும்போது மக்கன் பேடா ஒரு பெட்டி
வாட்ச்மேனிடம் எனக்கென்று விட்டுப்போனாள்.

இன்று ஞாயிறு. ஆராதனை முடிந்து
பாய் விரித்துப் படுத்திருக்கிறேன்.
கதவை யாரோ தட்டுகிறார்கள்.
யாரென்று கேட்பேன்.
திறப்பதும் திறக்காததும்
அதற்கப்புறம்.