வெற்றுக் கோடு

மூன்றாம் முறையும் சி.எல்.பி. போய்விட்டது.
சிலிம் ரிவர் கடைவரிசை மாடியில்
எனக்கு இன்னும் பெயர் கிராணி.

நரசம்மா கொண்டுவந்தாள்,
லயத்தைக் காலிசெய்யச் சொல்லும் மலாய்க் கடிதம்,
மைலோ டின்னில் சுருட்டி.
பதினான்கு நாள் தவணை. பதினொன்று
டின்னுக்குள்ளேயே கழிந்திருந்தது.

வக்கீல் ஈப்போவில்.
அவர் உரிமம் மட்டும் இங்கே, சுவரில்,
ஃபேன் காற்றுக்கு ஆடுகிறது.

தேர்வுத்தாள் ஒருநாளும் கேட்டதில்லை,
கைநாட்டு வைப்பவளிடம்
தடையாணையை எப்படிச் சொல்வாய் என்று.

"வீட்ட இடிக்காம நிறுத்தி வைக்கிற தாள்" என்றேன்.
"அத மொதல்ல குடு."

தட்டச்சு செய்தேன். ஒவ்வொரு வரியையும்
அவள் வாயால் திரும்பச் சொல்லவைத்தேன்.
அடியில் ஒரு கோடு,
என் பெயர் எழுதக் கூடாதது.

ஈப்போ பஸ் வரும்வரை
நானும் அவளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.