பிளஸ் மைனஸ் அரை இன்ச்

அவிநாசி கண் ஆஸ்பத்திரிக்குப்
புது மெசின் வந்திருக்கிறது என்று
அரை நாள் பர்மிசன் கேட்டேன்.
மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார்,
பிறகு தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்,
பிறகு கையெழுத்துப் போட்டார்.

பெயர் துளசிமணி. வயது முப்பத்தாறு.
வேலை, திருப்பூரில் செக்கிங்.
பதினான்கு வருசமாக டியூப்லைட் மேசையில்
பனியன் பீஸைப் புரட்டிப் போட்டு
ஊசிக்கோடு, எண்ணெய்ப்பொட்டு, விட்டுப்போன தையல்
எது கண்ணில் பட்டாலும்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன்.
ஒரு நாளைக்கு எண்ணூறு பீஸ்.
ஜெர்மனிக்குப் போன பெட்டி ஒன்றுகூட
என்னால் திரும்பி வந்ததில்லை.

இருட்டறை. தாடையை ஏந்த ஒரு கிண்ணம்,
நெற்றிக்கு ஒரு பட்டை.
கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒளி
என் கண்பாப்பாவை மோந்து பார்க்கிறது.
அந்தப் பக்கமிருந்து எஸ்தரம்மா:
"புள்ளியவே பாருங் கண்ணு, சித்த நேரந்தான்."
எங்கள் ஊரில் ஆளையே கண்ணு என்றுதான் கூப்பிடுவோம்.
எந்தக் கண்ணைக் கூப்பிட்டார் என்று தெரியாமல்
இரண்டையும் அனுப்பினேன்.

இடதை ஒரு கண்ணாடி மறைத்தது, திறந்தது.
வலதை மறைத்தது, திறந்தது.
ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒருத்தி
நாற்காலி மாறி உட்கார்ந்தாள்.
திரையில் இரண்டு கோடு.
நீலம், புள்ளி போன பக்கமெல்லாம்
முதல் பெஞ்ச் பிள்ளை மாதிரி போனது.
சிவப்பு,
கரை உடைந்த பி.ஏ.பி. வாய்க்கால்.

இதற்கு முன்பும் அளந்திருக்கிறார்கள், டேப் இல்லாமல்.
வாக்குக்கண்ணு வீட்டுக்கு யோகம் என்றார்கள்.
யோகம் வந்து சேர்ந்ததா என்று
ஒருத்தரும் வந்து செக் பண்ணவில்லை.
பெண் பார்க்க வந்த பெருந்துறைக்காரர்
அவர் மச்சினனைப் பார்த்து நான் சிரித்தேன் என்று
காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.
அவரைத்தான் பார்த்தேன்.
சிரிக்கவேயில்லை.

மெசின் யோகம் கீகம் பேசவில்லை.
இருபத்திரண்டு என்றது.
"இருபத்திரண்டு என்னதுங்?"
"பிரிசம் கண்ணு. ஒரு மீட்டர் தள்ளி ஆள் நின்னா
அவருக்கு இருபத்திரண்டு சென்டிமீட்டர் பக்கத்துல
உங்க எடக்கண்ணு நிக்குது."

கழுத்திலிருந்து டேப்பைக் கழற்ற மறந்து வந்திருந்தேன்.
மேசையில் விரித்து
இருபத்திரண்டில் விரல் வைத்தேன்.
கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும்
என் கையில் ஒரு சாண்.
எண்சாண் உடம்புக்கு வெளியே
ஒன்பதாவது சாணாக
முப்பத்தாறு வருசம் இது
யார் யார் பக்கத்தில் நின்றதோ.

"எங்க கம்பெனில மார்பளவு
அரை இன்ச் கூடக் கொறைய இருந்தாத் தள்ள மாட்டமுங்,
பாஸ் பண்ணிப் பெட்டில போட்ருவோம்.
கண்ணுக்கு எவ்வளவுங் டாலரன்ஸ்?"
எஸ்தரம்மா சிரித்தார். பதில் சொல்லவில்லை.
ஆபரேசன் பண்ணலாம்,
தசையைக் கொஞ்சம் பிடித்துத் தைப்பார்கள் என்றார்.
தையல் என்றதும் வாயில் வந்துவிட்டது:
இன்ச்சுக்கு எத்தனைங்?

தாளைத் தந்தார். என் இரண்டு கண்ணும் படமாக,
இடது ஓரத்தில் ஒரு சிவப்பு அம்பு.
என் அம்பேதான். அதே சிவப்பு.

கிறிஸ்துமஸ் ஆர்டர் ஓடுகிறது,
முடியட்டும், தேதி சொல்கிறேன் என்றேன்.

அனுப்பர்பாளையம் வழி பஸ்ஸில்
ஜன்னலோரம் இருந்த அம்மா கேட்டார்,
"என்னையவா பாக்கறீங்?"
"இல்லீங்," என்றேன்,
"உங்களுக்கு ஒரு சாண் அக்கட்டால."
என்ன புரிந்ததோ, நகர்ந்து உட்கார்ந்தார்.

கிடைத்த இடத்தில்
சோத்துப்பையை வைத்தேன்.