கோழிகள் ஏறிய படகு

பதினெட்டு அடி. தேவதாரு.
வங்குக்கால் ஒவ்வொன்றும் என் கையால் வளைத்தது.
அடிலெய்டிலிருந்து ஏழு மாதம்
எட்டு எருதுகள் இழுத்துப் போயின அதை
மணலுக்குள், இன்னும் மணலுக்குள்.
நாட்டின் நடுவே கடல் இருக்கிறது என்றார் கேப்டன் ஹாலிவெல்.
கூழைக்கடாக்கள் எல்லாம் வடக்கே போகின்றனவே,
பறவை பொய் சொல்லுமா?

நான் ஜோரி பெங்கெல்லி, கார்ன்வால்காரன்.
கடலை வாசனையில் கண்டுபிடித்துவிடுவேன்.
அங்கே அந்த வாசனை இல்லை.
சொல்லவில்லை.
நாளுக்கு மூன்று ஷில்லிங் கூலி.
இரவில் கீல் பூசி இடுக்குகளை அடைப்பேன்,
பகலில் வெயில் வந்து
நிதானமாகப் பிரித்துவைக்கும்.

ஆறாம் மாதம் பீப்பாய் வற்றியது.
கோணல் மரமொன்றின் அடியில்
ஒரு பெண் மணலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
முழங்கை ஆழம், தோள் ஆழம்,
பிறகு
மெதுவாக, தேயிலை நிறத்தில், தண்ணீர்.
நாங்கள் குடித்தோம். எருதுகள் குடித்தன.
அவள் படகை ஒருமுறை சுற்றிவந்தாள்.
விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள்.
பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொன்னாள்.
இருவரும் சிரித்தார்கள்,
நிற்க முடியாமல் உட்கார்ந்துவிடும் அளவுக்கு.
என்ன சொல்லியிருப்பாள் என்று
இன்றுவரை யோசிக்கிறேன்.

அன்றிரவு கேப்டன் வரைபடத்தை விரித்தார்.
குன்றுக்குக் கொழுந்தியாள் பெயர்.
வறண்ட ஓடைக்குக் கடன் கொடுத்த வங்கிக்காரர் பெயர்.
ஒரு பாறைக்கு, செத்துப்போன எங்கள் நாயின் பெயர்.
அந்தக் குழிக்கு மட்டும்
‘தண்ணீர் உண்டு’.

படகை விட்டுவிட்டுத் திரும்பினோம்.

நாலு வருடம் கழித்து வந்தேன்,
மனைவி ஹானர், ஆயிரத்து இருநூறு ஆடுகள்,
நில அலுவலகம் கொடுத்த ஒரு காகிதம்.
காகிதத்தின்படி குழி என்னுடையது.
கம்பம் நட்டேன். தச்சன் அல்லவா, ஒன்றும் ஆடாது.
ஐந்து வரிசைக் கம்பி.
அவள் வந்து கம்பியில் கைவைத்து நின்றாள்.
நான் துப்பாக்கியைக் கையில் எடுக்கவில்லை.
சுவரில் சாத்தியிருந்தேன்,
அவள் கண்ணில் படும்படி.
ஹானர் ஒரு வாளி தண்ணீர் கொண்டுபோனாள்.
அவள் வாங்கவில்லை.

படகு கோழிக்கூடு ஆனது.

பிறகொரு மார்ச்.
செம்மணல் மேட்டில் திடீரென்று புகை.
அவர்கள் எல்லோரும் மேலே ஏறிவிட்டிருந்தார்கள்,
குழந்தை, நாய், கிழவர் ஒருவரையும் விடாமல்.
சதி என்று நினைத்துக்
கதவைத் தாழிட்டுப் படுத்தேன் இரண்டு இரவு.
மூன்றாம் இரவு, மேகமில்லாத வானத்தின் கீழ்,
எங்கோ வடக்கில் பெய்த மழை
சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்தது.

கூரைமேல் நாங்கள்.
விடியலில் பார்த்தால்
படகு நகர்கிறது!
துடுப்பு இல்லை, கேப்டன் இல்லை.
பதினொரு கோழிகளும் ஒரு சேவலும்
அணியத்தில் நின்று கூவியபடி
உள்நாட்டுக் கடலைக் கண்டுபிடித்தன.
நாற்பது கெஜம் போயிருக்கும்.
காய்ந்த இடுக்குகள் வாய் திறந்தன.
கோழிகள் மரத்துக்குத் தாவின,
என் பதினெட்டு அடி தேவதாரு மூழ்கியது.
அதன்மேல் வந்திறங்கின கூழைக்கடாக்கள்,
நூறு நூறாக.
பறவை பொய் சொல்லவில்லை.
தேதியைத்தான் சொல்லவில்லை.

மேட்டிலிருந்து தண்ணீர்மேல் மிதந்து வந்தது
ஒரு சிரிப்பு.
எங்களைப் பார்த்துத்தான் என்று சொல்ல முடியாது.

வெள்ளம் வடிய ஐந்து வாரம்.
கம்பங்கள் அப்படியே நின்றன, நல்ல வேலை.
கம்பியெல்லாம் புல்லும் ஆட்டு ரோமமும்.
குழியைக் காணோம்.
கோணல் மரமும் போய்விட்டது.
ஏழு இடத்தில் தோண்டினேன், தோள் ஆழம்.
எட்டாவது இடத்தில் மண்வெட்டியை ஊன்றியபோது
ஹானர் மேட்டைப் பார்த்துச் சொன்னாள்:
அவளைக் கூப்பிடேன்.

என்ன சொல்லிக் கூப்பிட?