எந்தச் ச?

அடைவுப் பிரிவில் என் முதல் கேள்வி
பவுண் எத்தனை என்பதல்ல.
பெயர்.
சர்மிளா என்பார்கள்.
எந்தச் ச, என்பேன்.

எனக்கு அப்பா போட்டது தமிழ்ச் ச.
வடமொழி எழுத்து வாசற்படி ஏறக்கூடாது என்றவர்.
பெயரே அந்தப் பக்கத்தால் வந்ததென்று
யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

கிண்ணியா ஸர்மிலாவுக்கு ஸ.
வாடை எழும்பிக் கடல் கறுத்தால்
அவவின் இரண்டு காப்பும் இங்கே வந்து படுக்கும்.
பங்குனியில் மீட்டுக்கொண்டு போகும்போது
தயிர் முட்டி ஒன்றைக் கவுண்டரில் வைப்பா.
வாடிக்கையாளரிடம் எதுவும் வாங்கக்கூடாதென்று
சுற்றறிக்கை இருக்கிறது.
வாங்குவேன்.

அபயபுர ஷர்மிலா குமாரியின் புருஷன்
நேவியில் சமையல்.
மகனின் டியூஷனுக்குச் சங்கிலி வரும், போகும்.
"தமிழ்ல எப்பிடி எழுதினாலும் சரி மிஸ்,
வட்டி மட்டும் பிழைக்கக்கூடாது."

டச்சுக்குடாவில் அந்தப் பெயரில் ஒரு படகும் உண்டு.
உப்பு தின்று ர்-இன் புள்ளி போய்
இப்போது அது ஷரமிளா.
சொந்தக்காரர் சவிரிமுத்து
எஞ்சினை அடைவு வைக்கலாமா என்று வந்தவர்.
தங்கம் மட்டும்தான், என்றேன்.
யார் அந்த ஷர்மிளா, என்றும் கேட்டேன்.
மனைவியின் பெயர் ஜசிந்தா.
பதில் சொல்லாமல் போய்விட்டார்.

சம்பூர்ச் சர்மிளாவுக்கு என் எழுத்து.
ஒரு சோடித் தோடு, நாலு கிராம்.
துண்டில் ஒப்பம் இருக்கிறது,
முகம் ஞாபகத்தில் இல்லை.
அடைவு வைத்த இரண்டாம் மாதம்
சம்பூரே வெறுமையானது.
வட்டி மட்டும் இடம்பெயரவில்லை,
இருந்த இடத்திலேயே ஏறிக்கொண்டிருந்தது.
தவணை முடிந்து, சலுகைக் காலமும் முடிந்து
அச்சடித்த கடிதம் ஒன்று.
மேலே அவ பெயர்.
நடுவில்,
தங்கள் அடைவுப் பொருள்
எதிர்வரும் பதினேழாந் திகதி
பகிரங்க ஏலத்தில் விற்கப்படும்.
கீழே,
இப்படிக்கு, சர்மிளா.

எனக்கு நானே கடிதம் போடுகிறேன் பாருங்கள் என்று
பக்கத்து மேசைக்குக் காட்டிச் சிரித்தேன்.
அது நல்ல ஞாபகம்.

மூன்று கிழமை கழித்து ஒரு அம்மா வந்தா.
மூதூர் லோஞ்ச் நனைத்த சீலைக் கரை.
கையில் அந்த உறை.
சம்பூரை யாரோ சிவப்பு மையால் வெட்டி
கிளிவெட்டி முகாம் என்று எழுதியிருந்தார்கள்.
டோக்கன் எடுக்கவில்லை.
கண்ணாடிக்கு வெளியே நின்று
எங்களை ஒவ்வொரு முகமாகத் தேடினா.

"மகள் கடிதம் போட்டிருக்கிறாள்.
போன ஆவணியில காணாமற் போனவள்.
இங்கதான் வேலை செய்யிறாளாம்,
முகாமில ஒரு பெடியன்
கீழ இருந்த பேரை வாசிச்சுச் சொன்னவன்."

மிச்சத்தை அவன் வாசித்தானா,
வாசித்தும் சொல்லாமல் விட்டானா,
தெரியாது.
எந்தச் ச என்ற கேள்வி
பழக்கத்தில் நாக்குவரை வந்து நின்றது.
"அது நான் எழுதினது, அம்மா.
என்ர பேரும் அதுதான்."

அவ என்னைப் பார்த்தா.
என் காதுகளைப் பார்த்தா.
பிறகு கடதாசியைப் பார்த்து
"எழுத்து வடிவு" என்றா.
"டைப் அடிச்சது, அம்மா."
"ஓம். வடிவு."

கடைசி வரியை மட்டும் ஒருக்கா வாசி, என்றா.
வாசித்தேன்.
பின்னால் வரிசை இருமியது.
இன்னொருக்கா, என்றா.
இப்படிக்கு என்ற சொல்லில்
என் குரல் கொஞ்சம் பிசகியது.
பெயரைச் சரியாகத்தான் சொன்னேன்.

ஏலத் திகதியை அவ கேட்கவில்லை.
அது முதல்நாளே முடிந்திருந்தது.
நானும் சொல்லவில்லை.

வாசலில் ஊர் மான் ஒன்று
யாரோ எறிந்த டோக்கன் துண்டுகளை
மென்றுகொண்டு நின்றது.
கடதாசி தின்னப் பழகிய மான்கள் எங்களுடையவை.
அவ கடிதத்தை நாலாய் மடித்துச்
சட்டைக்குள் செருகிக்கொண்டு
மானைச் சுற்றி
தள்ளியே நடந்து போனா.