குறுக்கே போகும் தெரு

பார்சிலோனா கட்டம் கட்டமாய் வெட்டிய ஊர்.
இந்த ஒரு தெரு மட்டும்
சதுரங்கத்தில் மந்திரி நகர்ந்த தடம்போல்
குறுக்கே போகிறது.

ஒரு முனையில் பழைய ஆஸ்பத்திரி,
செங்கல் சிவப்பு, ஓட்டுச்சில்லு பதித்த கும்மட்டங்கள்.
மறுமுனையில் தேவாலயம்;
நூறு வருஷம் தாண்டியும்
தோளிலிருந்து கிரேனை இறக்கிவைக்காதது.
நடுவில் கார்கள் இல்லை.
காபிக் கோப்பைகள், புறாக்கள், இரும்பு விளக்குக் கம்பங்கள்,
இடுப்பில் புது மூட்டு வைத்த நார்சிஸ்.

நாளுக்கு ஒரு கம்பம் கூட்டுங்கள்
என்றிருந்தாள் பிசியோதெரபி ரெமேய்.
இது பதினோராம் நாள்.
நிற்பது ஆறாவது கம்பத்தடியில்.
நேற்று மழை. முந்தாநாள் டிவியில் ஃபுட்பால்.
மீதி நாள்களுக்குக் காரணம்
இன்னும் யோசிக்கவில்லை.

"கோபுரத்தோடு எங்களை ஒரு படம்?"
கொரியாக்காரப் பெண், பக்கத்தில் தொப்பிபோட்ட கணவன்.
கைத்தடியைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு
போனை வாங்கினார்.
முகம் வந்தால் கோபுரம் வரவில்லை.
ஒரு தப்படி பின்னால்.
இன்னொன்று.
கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலும் இரண்டு.
தட்டு ஏந்தி வந்த சர்வருக்கு வழிவிட்டு
பக்கவாட்டில் ஒன்று.
க்ளிக்.

கும்பிடாத குறையாய்க் குனிந்து போனார்கள்.
படத்தின் மூலையில் அவர் கட்டைவிரல்;
ஓட்டலுக்குப் போய்த்தான் பார்ப்பார்கள்.

ஐந்து தப்படிக்கு அப்பால்
தடி நிற்கிறது,
யாரோ மறந்துவிட்டுப் போனதுபோல்.

இனி அந்த ஐந்தையும்
தெரிந்தே நடக்க வேண்டும்.
முதல் தப்படிக்கே
உள்ளங்கை வியர்க்கிறது.