மூலப்பத்திரம்

தேவகோட்டை சப்-கோர்ட்டுக்கு எதிர்மாடி.
படியேறியதும் இடப்பக்கம் என் மேஜை.
விண்டோஸுக்குக் காசு கட்ட முடியாதென்றார்
வக்கீல் வைரவன்.
பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றினேன், நானே,
ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று முறை தோற்று.
"இதுக்கு ஓனர் யாரு?"
யாருமில்லை சார், மூலம் எல்லாருக்கும் திறந்திருக்கு.
"அப்ப வில்லங்கம் இருக்கும்" என்றார்.

இன்று வந்தது கண்டனூர் வீடொன்றின்
பாகப்பிரிவினை.
மூலம் இரும்புப் பெட்டிக்குள். சாவி மூன்று.
ஒன்று பினாங்கில், ஒன்று அடையாற்றில்,
ஒன்று பேச்சுவார்த்தை இல்லாத தம்பியிடம்.
எனக்குக் கிடைத்தது நகலின் நகலை
ஸ்கேன் செய்த நாற்பத்தொரு பக்கம்,
அத்தனையும் கொஞ்சம் இடது சாய்வாக.

உலாவியில் திறந்தேன்.
சொல்லின் மேல் சுட்டியை இழுத்தால் பிடிபடவில்லை.
அதற்கு இது வெறும் படம்.
சரி என்று கையாலேயே பூசினேன்,
அளவுகளுக்கு மஞ்சள்,
ஊருணிக்கு மேற்கு, முத்து.கரு. வீட்டு மதிலுக்குக் கிழக்கு
என்று போகிற நாலெல்லைக்குப் பச்சை.
குறிப்பெழுதத் தமிழில் தட்டினேன்.
கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்,
பங்காளிகள் மாதிரி பிரிந்து நின்றன.
எழுத்துருவை மாற்றினேன், சேர்ந்தன.
சேமித்தேன், மறுபடி பிரிந்தன.

இருபத்தொன்பதாம் பக்கம்.
இரண்டாம் கட்டில் கீழண்டை அறை ஒன்று,
ஒட்டிய அடுப்படி, கிணற்றில் தண்ணீர்ப் பாத்தியம்
சிகப்பிக்கு, ஆயுள் வரை.
அதற்குப் பிறகு ஒரு வரி.
அடித்திருக்கிறது.
அடித்த இடத்தில் யாருடைய சுருக்கொப்பமும் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
எண்பது வருஷத்துக்கு முந்தைய எந்தக் குமாஸ்தாவோ
பேனாவில் போடத் துணியாமல் போட்டு,
பிறகு அதையும் ரப்பரால் தேய்த்திருக்கிறார்.
தேய்த்த பள்ளம் ஸ்கேனில் நிழலாக விழுந்திருக்கிறது.

அந்த அறைக்கு நான் ரோஸ் பூசினேன்.
சுவரோடு, அடுப்படியோடு.

"நாளைக்குக் கையெழுத்து. கலரெல்லாம் எடுத்துடு.
பார்ட்டி பயந்துருவாங்க."
எடுப்பது எளிது.
ரோஸைத் தொட்டால் பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டி முளைக்கும்,
ஒரு அழுத்து, பள்ளம்கூட மிஞ்சாது.
எடுத்தேன்.
ஆனால் சேமிக்கும்போதெல்லாம் இது
புதிதாக ஒரு நகல் இறக்கிவைக்கும்.
பதினேழில் ரோஸ் உண்டு.
பதினெட்டு சுத்தம்.
காலையில் கரண்டு போய்ப் போய் வந்த அவசரத்தில்
எதை அச்சுக்கு அனுப்பினேன் என்று
சத்தியமாகத் தெரியாது.
தெரியும்.

எங்கள் பிரிண்டருக்குக் கறுப்பு மட்டும்தான் வரும்.
ரோஸ் சாம்பலாகி அறைமேல் கிடந்தது.
பினாங்குக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
"இதென்ன கறை?" என்றார்.
வக்கீல் தண்ணீர் குடித்தார்.
மேஜையின் அந்தக் கோடியிலிருந்து தம்பி எழுந்து வந்து
அண்ணன் தோளுக்கு மேலே குனிந்து வாசித்தார்,
விரலை வைத்து, எழுத்து எழுத்தாக.
ஒன்பது வருஷத்தில் அண்ணனிடம் கேட்ட முதல் வார்த்தை:
"சிகப்பி யாரு?"

வக்கீல் என்னைப் பார்த்தார்.
நான் பத்தொன்பதாம் நகலைத் திறந்தேன்.