ஆறு கேன்

புளியந்தோப்பில் ஞாயிறு காலை எட்டரை.
சண்டை நடக்கும் ஊரில் இன்னும் சனிக்கிழமை இரவாம்.
எங்கள் வாட்டர் கேன் குடோனில்
கேன்மேல் கேன், அதன்மேல் சாய்த்து வைத்த என் போன்.
ஆர்டர் வருவதும் அதில்தான்,
அடிதடி வருவதும் அதில்தான்.

ஹெவிவெயிட் என்றால் நூற்றிருபது கிலோ வரை.
கிலோவில் சொன்னால் எனக்கு ஏறாது.
ஆறு கேன்.
மூடி பிரிக்காத ஆறு கேனுக்குக்
கைகால் முளைத்து, கோபமும் முளைத்து
எதிரே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை.
நாங்களே வைத்தோம்.
தூக்கிப் போடுகிறவன் கிரேன்.
மேலே படுத்து அரைக்கிறவன் அம்மி.
போன மாதம் அம்மியிடம் கையைக் கொடுத்துவிட்டு
மூன்றாம் ரவுண்டில் தரையைத் தட்டினான் கிரேன்.
விட்டுவிடு என்று அர்த்தம்.
அந்த ஒரு தட்டலுக்கு
நாலு வாரமாய் இங்கே பஞ்சாயத்து.

"தட்டினது தப்புபா," என்கிறான் அஷ்ஃபாக்.
கறிக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறான்,
கழுவியும் நகக்கண்ணில் சிவப்பு.
"பெல்ட்டு மேட்ச். கை போனா போவட்டும்.
பெல் அடிக்கப் பதினோரு செகண்டுதான் இருந்துச்சு."

"பத்தொம்போது," என்கிறான் தென்னரசு.

"இன்னா பத்தொம்போது? நீ பார்த்தியா?"

"நீ பார்த்தியா? அப்போ ஈரல் வெட்டினு இருந்த."

கஸ்தூரி அம்மி கட்சி.
ஸ்டான்லியில் எக்ஸ்ரே எடுப்பவள்,
நைட் டூட்டி முடிந்து போகிற வழியில்
ஸ்கூட்டியை அணைக்காமலே பேசுகிறாள்:
"முழங்கை இப்படி மடங்கும்.
அப்படி மடங்கினா என்கிட்டதான் வரணும்.
எலும்பு பிலிம்ல விழும்பா. கெத்து விழாது."

"கழுத்தா இருந்தாலும் நான் தட்ட மாட்டேன்!"

அதற்குமேல் அஷ்ஃபாக்குக்கு வாய் போதவில்லை.
"அண்ணே, கொஞ்சம் குனி" என்று
ஏகாம்பரம் அண்ணனின் கழுத்தைப்
பின்னாலிருந்து வளைத்தான்.
அண்ணன் ஈசிஆர் பாரில் பவுன்சர்,
ஆறு கேனுக்கு அரை கேன் குறைவு.
அஷ்ஃபாக் மூன்றுகூடத் தேறமாட்டான்.

எட்டு எண்ணியிருப்போம்.
அண்ணனின் கை பக்கத்துக் காலி கேனைத் தேடித் தட்டியது:
டொப். டொப்.

சட்டென்று விட்டான்.
"மூணு கேன் அஞ்சரை கேனைக் கவுத்துடுச்சு!"
தென்னரசு கைதட்டினான்.

அண்ணன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டார்.
"உடனே வுட்ட பாரு," என்றார்.

பிறகு, போனைப் பார்த்தபடி,
"போன வெள்ளிக்கிழமை ஒரு பையன். கிளாஸை ஒடைச்சான்.
இதே பிடிதான் போட்டேன்.
ரெண்டு வாட்டி என் கையைத் தட்டினான்.
நம்மள மாதிரி இதெல்லாம் பாக்குற பையன் போல.
நானும் வுட்டேன்.
ஆனா உடனே வுடல."

எத்தனை செகண்ட் என்று
யாரும் கேட்கவில்லை.
கஸ்தூரி ஸ்கூட்டியை அணைத்தாள்.

கிரேன் கூண்டுக்குள் நுழைகிறான்.
அந்த நேரம் பார்த்துப் படம் நின்று போன் அடித்தது:
பட்டாளம், ரெண்டு கேன்,
மூணாவது மாடி, லிப்ட் கிடையாது.

தோளில் ஒன்று, இறங்கி வந்து மறுபடி ஒன்று.
அந்த அம்மா சில்லறை தேடி முடிப்பதற்குள்
உலகத்தில் எத்தனை ஹெவிவெயிட் சண்டை
முடிந்திருக்கும்.

திரும்பி வந்தபோது இதுவும் முடிந்திருந்தது.
நாற்பது செகண்டாம்.
"கண்ணுல விரல வுட்டான்" என்கிறான் அஷ்ஃபாக்.
"குத்துதான், சுத்தமான குத்து" என்கிறான் தென்னரசு.
யார் ஜெயித்தது என்று கேட்டேன்,
அதற்கும் ரெண்டு பதில்.

ஏகாம்பரம் அண்ணன் போன் பக்கம் இல்லை.
காலி கேன்களை எடுத்துச் சுவரோரம்
ஒன்றின்மேல் ஒன்றாய் வைத்துக்கொண்டிருந்தார்,
ஒரு டொப் கூடக் கேட்காதபடி.